மூணு வூட்டுக்கு ஒரே பிபி

அதத்தான் செல்வி, சொல்லிகினு இருக்கேன், அந்தக் கதிரவன் ஒருத்தனே மூணு வூட்டுல உக்காந்து பிபி பாக்க கைய நீட்டிட்டான்! நீ பக்கத்து வூட்டுக்குக் குடி வர்றதுக்கு முன்னாடி நடந்தது. பூரா என்னாலதான். நெனச்சா இன்னிக்கும் சிரிப்பா வருது.

குவார்ட்டர்ஸ்ல பெருக்குற காண்ட்ராக்ட் வேலைய முழங்கால் வலின்னு விட்டுட்டு சும்மா கெடந்தேன். மந்தாரக்குப்பத்துல நிர்மலான்னு ஒரு டாக்டர் பொண்ணு ரூம் எடுத்துத் தங்குச்சு. ஊசி போடுற டாக்டர் இல்ல. "ஒரு ஆள இல்ல ஆயா, ஊரோட ஒடம்பயே பாக்குற படிப்பு"ன்னுச்சு. ஊருக்கு ஏது ஒடம்பு? எனக்கு வெளங்கல. வூடு வூடா கூட்டிகினு போயி "நம்ம பொண்ணுதான், கதவத் தொற"ன்னு சொல்றது என் வேல.

சுரங்கத்துல ஷிப்டு மாறி மாறிப் போறவங்களுக்கு பிபி ஏறுதான்னு அது ஆராய்ச்சி பண்ணணும். அதுக்கு கவர்மெண்டு பணம் தருமாம். கடனான்னேன், இல்லியாம். சம்பளமான்னேன், அதுவும் இல்லியாம். செய்யப்போற வேலய எழுதிக் காட்டணும், கொஞ்சம் செஞ்சும் காட்டணுமாம். செய்யத்தானே பணம் கேக்குற, அப்புறம் கேக்குறதுக்கு முன்னாடியே எப்பிடிச் செய்யறது? தல சுத்திப்போச்சு. ஒண்ணுதான் புரிஞ்சுது. படிப்பு முடிச்சு அஞ்சு வருஷத்துக்குள்ளதான் கேக்க முடியும். அந்தப் பொண்ணுக்கு அது அஞ்சாவது வருஷம்.

நான் என்னா பண்ணேன்? மெஷின் வச்சு பிபி பாக்குறாங்க, பேரு எழுதுறாங்க, கையெழுத்து வாங்குறாங்க. காண்ட்ராக்ட் ஆளுங்கள பெர்மனென்டுக்கு எடுக்குற மெடிக்கல் வேற எப்பிடி இருக்கும்? "பெர்மனென்டுக்கு மெடிக்கல் வருது, உஷாரா இருங்க"ன்னு தெரு பூரா சொல்லிட்டேன். சந்தோஷம் தாங்கல எனக்கு.

பிபி இருந்தா எடுக்கமாட்டாங்கன்னு மாத்திரையெல்லாம் அரிசி டின்னுக்குள்ள போயிடுச்சு. பிபி இருக்குறவன் தன் பேர்ல, கபடி ஆடுற கதிரவன உக்கார வச்சான். மூணு தெரு, மூணு நாளு. ஒரு நாளு மீசையோட, ஒரு நாளு மீசையில்லாம, ஒரு நாளு கண்ணாடி வேற! பின்வாசல் வழியா அவன உள்ள விட்டதே நான்தான்.

பணம் கேட்டு எழுதிப் போட பத்து நாளுதான் பாக்கி. நிர்மலா பேப்பர விரிச்சுகினு அழுவுற மாதிரி உக்காந்திருந்துச்சு.

"இந்த ஊர்ல யாருக்குமே பிபி இல்ல ஆயா. எல்லாரும் கபடி ஆடுறவங்க மாதிரி இருக்காங்க. இல்லாத நோய்க்கு யாரு பணம் தருவாங்க?"

"கபடி ஆடுறவன்தாம்மா அது."

"என்னது?"

எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

"எத்தன வூட்டுல?"

"எனக்குத் தெரிஞ்சு மூணு."

"தெரியாம?"

"அத அவனத்தாம்மா கேக்கணும்."

மறுபடி வாசல் வாசலா ஏறுனேன். "இதனால வேல வராது, வேல போவவும் போவாது. எங்கிட்டதான் தப்பு"ன்னேன். ரெண்டு பேரு கதவச் சாத்திட்டாங்க. ஒருத்தி, "ஏன் ஆயா ஆச காட்டுன?"ன்னா. அது நெஞ்சுல குத்துச்சு. ஆனா அவ புருஷனே எழுந்து வந்து கைய நீட்டுனாரு. மெஷின்ல நம்பரு ஏறிகினே போச்சு.

பழைய கணக்கு, புதுக் கணக்கு ரெண்டையும் நிர்மலா எழுதுச்சு. "பழச அடிச்சிடும்மா, அசிங்கம்"னேன்.

"இல்ல ஆயா. வேல போயிடும்னு பயந்து நோய மறைக்கிறாங்க பாரு, அதத்தான் மொதல்ல எழுதணும்."

அதுக்குத்தான் பணம் கெடச்சுதாம்! தப்பு பண்ணது நானு, அதுக்கு எப்பிடிப் பணம் குடுத்தாங்க? இன்னிவரைக்கும் புரியல. ஆனா ஒண்ணு செல்வி, யாரு வூட்டுக் கதவத் தட்டுனாலும் எதுக்கு வரலன்னு மொதல்ல சொல்லிடணும்.

அந்த மூணு வூட்டுல ஒண்ணு எதுன்னு கேக்குறியா? இதுதான். எம்மவன் இன்னும் காண்ட்ராக்ட்தான், இன்னும் பயம் போவல. இரு இரு, உலை கொதிக்குது. ஷிப்டு வுட்டு வர்ற நேரம். அரிசி எடுக்குறப்பவே டின்னுலேர்ந்து அவன் மாத்திரையையும் எடுத்து வச்சிடுறேன்.