மதகு மதகாக வேளாங்கண்ணிக்கு

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். ஏறத்தான் தெரியாது.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நாற்பத்தோரு வயதில் சைக்கிள் கற்றுப் பார்க்க வேண்டும். என் உயரம் நாலடி பத்து அங்குலம். பள்ளிக்கூடத்தில் என் மகளுக்குக் கொடுத்த இலவச சைக்கிளின் சீட்டை எவ்வளவு இறக்கினாலும், உட்கார்ந்தால் என் கால் தரையைத் தொடாது. ஒரு காலைப் பெடலில் வைத்து, இன்னொரு காலால் உந்தி, ஓடுகிற வண்டியில் ஏறி உட்காரும் வித்தை ஒன்று இருக்கிறது. ஊரே அதைச் செய்கிறது. நான் செய்தால் வண்டி ஒரு பக்கம் விழும், நான் ஒரு பக்கம் விழுவேன்.

அதனால் எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தேன். மரக்காணத்து உப்பளத்தில் பாத்திகளுக்கு நடுவே ஒரு பாதை போகும். அதை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு வரப்பு. வண்டியைப் பாதையில் நிறுத்தி, வரப்பில் நின்று, சீட்டில் உட்கார்ந்து, வரப்பை ஓர் உதை விடுவேன். அதற்கப்புறம் என்னை யாரும் பிடிக்க முடியாது. இறங்குவதும் பெரிய விஷயமில்லை, பிரேக்கைப் பிடித்துக் குதித்துவிடுவேன்.

இந்த வயதில் இந்தக் கூத்து எதற்கு என்றால், என் வீட்டுக்காரரின் கணுக்காலுக்காக. அவர் உப்பளத்தில் வேலை செய்கிறவர். மகளுக்குப் பதினோரு வயதில் டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்காமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஏழு வருஷம் விடாமல் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு சைக்கிளிலேயே வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டார். பிழைத்தாள். ஆறு வருஷம் போய் வந்தார். ஏழாவது வருஷம், திருவிழாவுக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது, உப்புக் கூடையோடு வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டாகிவிட்டது.

எங்கள் பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டோம். குடும்பத்தில் யார் போனாலும் மாதா ஏற்றுக்கொள்வாள் என்று சொல்லிவிட்டார். மகளுக்குப் பரீட்சை. மீதி இருந்தது நான்தான். சாமியார் சுலபமாகச் சொன்னதை என் வீட்டுக்காரர் அப்படி விடவில்லை. முழுக்க முழுக்க சைக்கிளில்தான் போக வேண்டுமாம். ஒரு கிலோமீட்டர் வேறு வண்டியில் ஏறினாலும் அவருடைய ஆறு வருஷமும் மழையில் நனைந்த உப்பாகிவிடுமாம். அவரைச் சொல்வானேன், நானும் அப்படித்தான் நம்பினேன். மகள் உயிர் விஷயத்தில் மாதாவோடு பேரம் பேச எனக்குத் தைரியமில்லை.

இரண்டு மாதம் சாயங்காலமெல்லாம் மகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். என் வீட்டுக்காரர் கட்டுப்போட்ட காலை நீட்டி வாசலில் உட்கார்ந்துகொண்டு, நான் கீழ்புத்துப்பட்டைத் தாண்டமாட்டேன் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து பாண்டிச்சேரி எல்லைக்குப் போகும் வழியில், முதல் நாள் காலையிலேயே வந்துவிடும் ஊர் அது.

நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். என் ஒரு சத்தத்துக்கு நூற்றிருபது பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். அப்படிப்பட்டவள் நாலு பேர் முன்னால் போய், எனக்கு ஏறத் தெரியாது, யாராவது பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதாவது! பிறந்ததிலிருந்து யாரிடமும் எதுவும் தெரியாது என்று நான் சொன்னதில்லை.

எங்கள் குழுவில் மொத்தம் பதினாலு சைக்கிள். லீடர் ஒரு எலக்ட்ரீஷியன், ஐம்பத்தைந்து வயது, வாயைத் திறந்தால் காசு கொட்டிவிடும் என்பதுபோல் இருப்பார். கிளம்புவதற்கு முன் கூட்டத்தில் எல்லாரையும் பார்த்து, நன்றாக ஓட்டத் தெரியும் இல்லையா என்று கேட்டார். தெரியும் என்று நான்தான் முதலில் சத்தமாகச் சொன்னேன். அவர் கேட்டது ஓட்டத்தானே, ஏற இல்லையே. அதனால் அது பொய்யில் சேராது.

விடியற்காலையில் கோயில் வாசலில் பூசை முடிந்து, ஆளுக்கொரு காவி உடுப்பும் கைப்பிடியில் ஒரு கொடியுமாகக் கிளம்பினோம். நான் வாழ்க்கையில் முதல்முறையாக சுடிதார் போட்டிருந்தேன். கோயில் படிக்கட்டு எனக்கு வரப்பாக உதவியது. கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரங்களைத் தாண்டி, ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனோம். எங்களுக்குப் பின்னால் அரிசி மூட்டையும் பாயும் ஏற்றிய குட்டி யானை வண்டி வந்தது. அதன் டிரைவர் வருஷாவருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர், நல்ல பருமன். முடியாதவர்களை ஏற்றிக்கொள்வது அவர் வேலை. என்னைப் பார்த்ததுமே அவருக்கு வேலை வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

கீழ்புத்துப்பட்டு வந்தது. நிறுத்தி வீட்டுக்கு போன் போட்டு, தாண்டிவிட்டேன் என்று சொல்லக் கை துறுதுறுத்தது. ஆனால் நிறுத்தினால் மறுபடி ஏற வேண்டுமே. பேசாமல் மிதித்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் லீடர் விசில் அடித்து நிறுத்தினார். ரோட்டுக்கு அடியில் வாய்க்கால் போகும் ஒரு மதகு. இரண்டு பக்கமும் குட்டையாக ஒரு கட்டைச்சுவர், ஏறி உட்காரத் தோதான உயரம். எனக்கு உயிர் வந்தது. எல்லாரும் கிளம்பும்வரை துப்பட்டாவை இழுத்து இழுத்துச் சொருகிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி ஆளாகக் கட்டைமேல் ஏறி நின்று சீட்டில் உட்கார்ந்து ஓர் உதை விட்டேன். மாதாவே உனக்குத் தோத்திரம் என்றேன்.

அடுத்த நிறுத்தம் ஒரு மைல்கல். அதற்கடுத்தது மறுபடி ஒரு மதகு. நான் எங்கே இறங்கினாலும் கால் வைக்க ஒரு கல்லைப் போட்டு வைத்திருக்கிறாளே மாதா என்று எனக்குப் புல்லரித்தது.

புல்லரித்தாலும் வெயில் வெயில்தானே. நூறடி முன்னால் நல்ல ஆலமரம் இருக்கும், புளியமரம் இருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, பொட்டல்வெளியில் மதகைப் பார்த்துத்தான் லீடர் விசில் அடிப்பார். பதினாலு பேரும் வெயிலில் காய்வோம். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், எனக்கு முணுமுணுக்கத் தெரியாது. அண்ணே, மரமெல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இங்கேதான் நிற்க வேண்டும் என்றார். வேறு விளக்கமில்லை. சோற்றில் உப்பு போட்டுத்தான் தின்கிறாரா இந்த மனுஷன் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படியே சொன்னேன். மரக்காணத்துக்காரரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது!

கோட்டக்குப்பத்தில் அவர் ஒரு கடைக்குள் போய், சிவப்புக் கலரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு வந்தார். அதை வண்டியில் போடச் சொன்னார். யாத்திரைக்கு ஸ்டூல் வாங்கிக்கொண்டு போகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். அன்று ராத்திரி கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். சாப்பாட்டு நேரத்தில் அந்த ஸ்டூல்மேல் நான்தான் உட்கார்ந்து, லீடர் ஐயா தனக்கு வாங்கின சிம்மாசனத்தைப் பாருங்கள் என்று நாலு பேரைச் சிரிக்கவைத்தேன். அவரும் சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் மழை பிடித்தது. உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, உமி விற்கப் போனால் காற்றடிக்கிறது என்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில். நனைந்த கொடி முகத்தில் அறைய, மூச்சு முட்ட மிதித்தேன். டிரைவர் பக்கத்தில் வந்து, வேண்டுமானால் ஏறிக்கொள்ளச் சொன்னார். முதல் நாளிலிருந்து அது பத்தாவது தடவை. ஏழாவது வருஷம் இது, நினைவிருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று சீர்காழியில் சாயங்கால ஜெபத்தில், வழியில் கிடைத்த நன்மைகளை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் முறை வந்தது. மனசு நிறைந்திருந்ததால், நான் நிற்கிற இடத்திலெல்லாம் கால் வைக்க மாதா ஒரு கல் போட்டு வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் குட்டு உடைந்ததோ என்று பயந்தேன். நல்லவேளை, எல்லாரும் அதை ஞானப் பேச்சாக எடுத்துக்கொண்டு உருக்கமாக ஆமென் சொன்னார்கள். லீடருக்கு மட்டும் பலமாக இருமல் வந்தது.

மூன்றாம் நாள் காரைக்கால், நாகூர். நாகூரில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். அங்கேயும் ஒரு மேடை இருந்தது. நாகப்பட்டினமும் தாண்டியாகிவிட்டது. இனி பத்து கிலோமீட்டர்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ரோடு முழுக்கக் காவி உடுப்பில் நடந்து போகிற ஜனம். எனக்கு முன்னால் போன வேன் ஒன்று திடீரென்று நின்றது. நான் குதித்தேன். நிமிர்ந்து பார்த்தால், நம் ஆட்கள் கூட்டத்துக்குள் போய் மறைந்துவிட்டார்கள். சுற்றிலும் பார்த்தேன். மதகு இல்லை, மைல்கல் இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. ஊர் செய்கிற வித்தையை நானும் செய்து பார்த்தேன். மூன்று தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை முட்டியில் தோல் போனது. தள்ளிக்கொண்டு நடக்கலாம், ஆனால் அவர் நேர்ந்துகொண்டது நடப்பதற்கு இல்லையே.

குட்டி யானை வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். இந்தத் தடவை அவர் குரலில் கேலி இல்லை, நிஜமான பரிதாபம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆறு வருஷமும் என் கையில் வந்து, கடைசிப் பத்து கிலோமீட்டரில் கரைகிறதே என்று நடுரோட்டில் நின்று அழுதேன். நூற்றிருபது பிள்ளைகளை அடக்குகிறவள், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

எதிர்ப்பக்கமிருந்து லீடர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவர் எதுவும் கேட்பதற்கு முன்னால் என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

"அண்ணே, எனக்கு ஏறத் தெரியாதுண்ணே."

அவர் ஆச்சரியப்படவில்லை. டிரைவரைப் பார்த்து, "அந்த செவப்பு ஸ்டூலை எடுப்பா" என்றார்.

ஸ்டூலை ரோட்டில் வைத்து, சைக்கிளை அதன் பக்கத்தில் நிறுத்தி, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் ஏறி நின்றேன், உட்கார்ந்தேன், ஸ்டூலை ஓர் உதை விட்டேன். அது உருண்டு போய் டிரைவர் காலடியில் நின்றது. பாதயாத்திரைக்காரர்கள் நாலு பேர் மரியே வாழ்க என்று கத்தினார்கள். போலீஸ்காரர்கள் ஊர் எல்லையில் எல்லாரையும் இறக்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லும்வரை, நான் சீட்டைவிட்டு இறங்கவில்லை.

கோயிலில் மகளுக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வெளியே வந்தபோதுதான், அந்த ஸ்டூல் கோட்டக்குப்பத்தில் வாங்கியது என்பது என் புத்தியில் உறைத்தது. முதல் நாள் வாங்கியது. அப்படியானால் அந்த மதகுகள்? சோற்றில் உப்பு போட்டுத்தானே தின்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டு, கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்த லீடரிடம் போனேன். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தார். என் வீட்டுக்காரரின் கோணல் எழுத்து. புத்துப்பட்டு தாண்டி இடது பக்கம் மதகு. அடுத்து பெட்ரோல் பங்க் தாண்டி மைல்கல். அப்புறம் மதகு, கட்டை கொஞ்சம் உடைஞ்சிருக்கும், பார்த்து. இப்படியே நாகப்பட்டினம்வரை எழுதியிருந்தது. கல் இல்லாத இடத்துக்குத்தான் ஸ்டூல் என்றார் லீடர்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா கோச்சுக்கிட்டு பாண்டியிலயே பஸ் ஏறிடுவான்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரும்மா."

உண்மைதான், ஏறியிருப்பேன். மூன்று நாளும் வெயிலில் நின்று என்னிடம் ஏச்சு வாங்கிய மனுஷன் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்கோங்கண்ணே என்றேன். அந்த வார்த்தையும் எனக்குப் புதிதுதான். அதெல்லாம் இருக்கட்டும் என்றுவிட்டார்.

ஆனாலும் ஒரு சந்தேகம் அரித்தது. ஆறு வருஷமாக எல்லாரும் மரத்தடியில்தானே நின்றிருப்பார்கள், என் வீட்டுக்காரருக்கு மட்டும் மதகு மதகாக எப்படித் தெரியும்? கேட்டேன். அவர் மட்டும் தள்ளிப் போய் மதகில்தான் உட்காருவார் என்றார் லீடர். எதற்கு என்றேன். லீடர் கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளோடு பீடியை விட்டுவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

சிரிப்பும் அழுகையுமாக வீட்டுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இன்னா, புத்துப்பட்டு தாண்டிட்டியா?"

"யோவ், நீ பீடி குடிச்ச எடம் பூரா நின்னு நின்னு வந்து சேந்துட்டேன்யா."

நான் அழுவது அவருக்குக் கேட்டிருக்கும். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"மதகெல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.