பின்பாக்கெட் பொத்தான்

தேக்கா சந்தை மாடியில் இருக்கும் தையல்காரரிடம் பின்பாக்கெட் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். நான் செய்த தவறு அதுதான்.

நான் அண்ணன் என்று கூப்பிடுபவர் ராணுவத்தில் சார்ஜனாக இருந்தவர். வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டு முறிந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நான் உயர்நிலை இரண்டோடு படிப்பை விட்டவன். ஜாலான் புசாரில் இரும்புக்கடை, பிறகு ஹோட்டல், கப்பல் பட்டறை என்று எங்கேயும் ஒரு வருடம் நின்றதில்லை. அவரைக் கவனித்துக்கொள்ள வந்துதான் இரண்டு வருடம் ஓடியிருந்தது.

வீட்டில் அவருக்கு எப்போதும் தொளதொளப்பான காற்சட்டைதான். பழைய படைநண்பர்களோடு சாப்பாடு என்றதும், "ஆள் மாதிரி போகணும்டா" என்று உடம்போடு பொருந்தும் நீளக் காற்சட்டையாக ஒரு சிலுவார் தைக்கக் கொடுத்தார்.

வாழையிலைக் கடையில் ஒருவர் கத்தினார். "சார்ஜன், மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க லா! பொண்ணு எங்க?"

"உன் தொப்பையைக் கொஞ்சம் தள்ளு. பின்னாடிதான் நிக்கிறா."

அரை மணிக்கு ஒருமுறை அவரைச் சக்கர நாற்காலியில் முன்னால் குனிய வைக்க வேண்டும். அப்போதுதான் அழுந்திய சதைக்கு ரத்தம் ஓடும். மூன்று முறை தோளைத் தொட்டேன். மூன்று முறையும் "அப்புறம்டா" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.

நாலு மணிக்கு வீட்டில் சிலுவாரைக் கழற்றி, அவரைப் பக்கவாட்டில் திருப்பினேன். இடது புட்டத்தில் பின்பாக்கெட் பொத்தான் பதிந்திருந்தது. அதன் நாலு துளைகளையும் எண்ணலாம்.

"என்னடா, சத்தமே காணோம்?"

"பொத்தான் பதிஞ்சிருக்குண்ணே."

"சிவப்பா?"

"நம்ம தோல்ல சிவப்பு எங்கண்ணே தெரியும்? தொட்டா சூடா இருக்கு."

நான் வருவதற்கு முன் இப்படி ஒரு சின்ன இடம் புண்ணாகிக் குழியாகி, ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளி வரை குப்புறக் கிடந்தவர் அவர்.

"நாலாவது தடவை நீ இழுத்துக் குனிய வச்சிருக்கணும்."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா. திட்டியிருப்பேன்தான்" என்றார்.

அதன் பிறகு நாற்காலி கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, ஒவ்வொரு முறையும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன். சக்கரம் தள்ளித் தள்ளித் தேய்ந்த தோள். அவர் கை பின்னால் போகாது. கைபேசியில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் கை சொல்வதைத்தான் அவர் நம்ப வேண்டும்.

"பொய் சொல்லாதடா."

"சொல்லலண்ணே."

மூன்றாம் நாள் காலை தொட்டபோது இன்னும் சூடு. பிறகுதான் உறைத்தது, அப்போதுதான் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருந்தேன். ஈரத்தில் குளிர்ந்த கைக்கு எல்லாமே சூடுதான். கையைத் துடைத்து, அக்குளில் வைத்திருந்து, மறுபடி தொட்டேன். இடது, வலது, மறுபடி இடது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குண்ணே. சூடு இல்ல."

"இன்னொரு தடவை பாரு."

பார்த்தேன். அதேதான்.

"அந்தச் சிலுவாரை எடு. பிளேடும் கொண்டா. அடுத்த மாசமும் அதே சாப்பாட்டுக் கடைதான்னு அவனுங்ககிட்ட சொல்லிட்டேன்."

படுத்தபடியே பின்பாக்கெட்டைத் தையல் தையலாகப் பிரிக்க ஆரம்பித்தார். அவர் கவனம் அதில் இருந்தபோது, நான் இன்னொரு முறை புறங்கையை வைத்துப் பார்த்தேன்.