காலி பெஞ்சில் ஒரு முகம்

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாரையும் நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்தது என் அண்ணிக்கு. அண்ணி கதை விடுகிற ஆளே இல்லை. வீட்டில் திடீரென்று கரண்ட் போனால் நாங்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருப்போம். அவர் பாட்டுக்குப் போய் ஃபியூஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் அன்று வீட்டுக்கு வந்து, "தம்பி, கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்களேன்" என்றார்.

அண்ணியின் தொழில் புகைப்படம். குழந்தை பிறந்து ஐந்து வருடம் வீட்டோடு கிடந்துவிட்டு, திரும்பக் கிடைத்த முதல் வேலை இது. ஓர் அருங்காட்சியகத்தை அறை அறையாகப் படம் எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். நேரில் வர முடியாத பிள்ளைகள் பள்ளிக் கணினியிலேயே உள்ளே சுற்றிப் பார்த்து, உரிமைப் போராட்டப் பாடத்தைப் படிப்பார்கள். மறுநாள் காலை இணையத்தில் திறப்பு. இதில் சொதப்பினால் இன்னொரு முறை எவரும் கூப்பிடமாட்டார்கள். அண்ணிக்கு இருந்தது அந்தப் பயம் மட்டும்தான்.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பேருந்து நிலையம். காத்திருப்புக் கூடத்தில் நீளமான ஒரு மர பெஞ்சு. எல்லோரும் அதில் உட்கார்ந்துவிட முடியாது. ஒரு பகுதி மக்கள் பின்வாசல் ஓரமாக நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். அப்படித்தான் சட்டம் இருந்தது. ஒருநாள் அவர்களில் சிலர் முன்வாசல் வழியாக வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எழுந்திரு என்றார்கள், எழவில்லை. அடி விழுந்தது. அப்போதும் எழவில்லை. பிறகு வருடக்கணக்கில் வழக்கு நடந்து சட்டம் ஒழிந்தது. இப்போது பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அதில் யாருமே உட்காரக் கூடாது.

அன்று விடுமுறை நாள். நல்ல பகல். காவலாளி பூட்டைத் திறந்துவிட்டு, "உள்ள யாரும் இல்லம்மா. நான் கேட்டுலதான் இருப்பேன்" என்று போய்விட்டார்.

இந்த மாதிரிக் கேமரா தன்னைச் சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் ஒரே அடியாக எடுத்துவிடும். எடுக்கிறவர் அறைக்குள் நின்றால் அவரும் படத்தில் விழுவார். அதனால் கூடத்தின் நடுவில் கேமராவை நிறுத்திவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, போனிலிருந்து பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நொடியில் கூடத்துக்குள் என்ன இருக்கிறது என்று அண்ணிக்கே தெரியாது.

இன்னொரு விஷயம். படத்தில் மனித முகம் இருந்தால் மென்பொருள் அதைத் தானாகவே தேடிப்பிடித்து மங்கலாக்கிவிடும். பார்வையாளர்கள் முகம் வெளியே போகக் கூடாதென்று ஒரு ஏற்பாடு. அதற்கு உயிருள்ள ஆள் எது, சுவரில் மாட்டிய படம் எது என்று தெரியாது. அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று முகம் காட்டி நின்ற போராட்டக்காரர்களை எல்லாம் வரிசையாக மூடிவைத்துவிட்டது. அண்ணி டிக்கெட் அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, அதைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு முகமாகத் திறந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் பார்த்தார். பெஞ்சுக்கு மேலும் ஒரு மங்கல் இருந்தது. பெஞ்சு காலி. ஆனால் ஒருவர் உட்கார்ந்தால் தலை எங்கே வருமோ, சரியாக அந்த உயரத்தில்...

மங்கலை எடுத்துப் பார்த்தார். பின்னால் வெறும் சுவர். "இதுக்குக் கண்ணு தெரியல போல" என்று சிரித்துக்கொண்டே போய், லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

இந்த முறை மங்கல் பெஞ்சில் இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது. நிற்கிற ஆளின் உயரத்தில்.

அண்ணி உடனே காவலாளிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, உள்ள யாராவது வந்தாங்களா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"ஒண்ணுமில்ல." துணைக்கு வரச் சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

மூன்றாவது படம். மங்கல் பெரிதாகிவிட்டது. கேமராவிலிருந்து ஒரு கை தூரம்தான். அதைத் திறந்து பார்க்க விரல் வரவில்லை.

கூடத்திலிருந்து ஒரு சத்தம். க்ரீச்... மரம் முனகியது.

பிறகு தரையில். சர்ர்... சர்ர்... செருப்பில்லாத கால் இழுபடும் சத்தம். நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். வீட்டில் நாங்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டோம். ஆனால் விடிந்தால் திறப்பு. கையில் உருப்படியாக ஒரு படம்கூட இல்லை.

கதவுக்கு வெளியே போய் நின்றார். கதவை முழுதாகச் சாத்தவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. அழுத்தினார்.

க்ளிக்.

போனிலேயே பார்த்தார். பெஞ்சில் இல்லை. கயிற்றருகே இல்லை. கேமரா பக்கத்திலும் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

படத்தைத் திருப்பினார். கதவு.

கதவிடுக்கில் ஒரு மங்கல். அது அண்ணியின் முகம்தான். சாத்தாத கதவு வழியாக விழுந்திருக்கிறது.

அதற்கு மேலே... தோளுக்குப் பின்னால்...

இன்னொன்று.

அண்ணி திரும்பவில்லை. பின்கழுத்தில் சில்லென்று இருந்தது. மூச்சுச் சத்தம் இல்லை.

அந்த நிலையில் தனக்கு எப்படித் தோன்றியது என்று அவருக்கே தெரியவில்லை. போனிலேயே முகத்தை மூடுகிற மென்பொருளை நிறுத்தினார்.

"மறைக்கல... இனிமே மறைக்கல..."

குளிர் விலகியது.

உள்ளே, க்ரீச்.

கண்ணை மூடிக்கொண்டு கடைசியாக ஒரு முறை அழுத்திவிட்டு, கேட்டை நோக்கி ஓடினார். கேமராவை எடுத்துவந்து கொடுத்தது காவலாளி.

அந்தப் படத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் திறந்தார். பெஞ்சில் ஒரு வயதான பெண் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. கை இரண்டும் மடியில். நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணால் பார்த்தேன்.

"அழிச்சிடலாமா அண்ணி?"

"வேண்டாம் தம்பி. இனி மறைக்கலன்னு சொல்லிட்டேன்."

அப்படியே அனுப்பிவைத்தார். அருங்காட்சியக இயக்குநர், "பெஞ்சில ஒருத்தரை உக்காரவெச்சது நல்ல யோசனை" என்று பாராட்டினார். அண்ணி நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சில வாரம் கழித்து இயக்குநரே அண்ணியைக் கூப்பிட்டார். குரல் சரியில்லை. யாரோ ஒரு முதியவர் அவருக்குப் போன் செய்திருக்கிறார். பேரன் பாடத்துக்காகக் கணினியில் அந்தக் கூடத்தைத் திறந்தபோது, இவர் தற்செயலாக எட்டிப் பார்த்திருக்கிறார்.

"பெஞ்சில இருக்கிறது எங்க அக்கா சார்."

"அப்படியா? எப்ப இங்க வந்திருந்தாங்க?"

முதியவர் தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனார். "மொதல்ல எங்க அம்மான்னுதான் நெனச்சேன். அதே முகம். ஆனா அம்மாவுக்கு ரெண்டு காதும் முழுசா இருந்துச்சு. அக்காவுக்கு சின்ன வயசுல நாய் கடிச்சு எடது காது பாதி போயிடுச்சு. பெருசாக்கிப் பாருங்க."

இயக்குநர் பெரிதாக்கிப் பார்த்தார். இடது காது பாதிதான் இருந்தது.

அந்தப் போராட்டத்தன்று பெஞ்சில் உட்காரப் போனவர்களில் அவருடைய அக்காவும் ஒருத்தி. வீடு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. போனபோது வயது பத்தொன்பது. தலையில் ஒரு நரைகூடக் கிடையாது.

போனை வைக்கும் முன் அந்த முதியவர் ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"நாம ஜெயிச்சிட்டோம்னு அவகிட்ட யாராவது சொன்னீங்களா சார்?"

யாரும் சொல்லவில்லை. அந்தக் கூடத்துக்குள் தனியாகப் போய் நின்று அதைச் சொல்கிற தைரியம் இயக்குநருக்கு இல்லை, அண்ணிக்கு இல்லை, எனக்கும் இல்லை. படம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. பெஞ்சிலிருந்து அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.