மேம்பாலத்தில் ஒரு கார் விற்பனை

இன்று என் காரை விற்றுவிடுவதாக இருந்தேன். இந்த வாரம் வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். புது வீட்டில் கார் நிறுத்த இடமில்லை.

வண்டி பழசு. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்டர் பொருத்தி, பெட்ரோல் டேங்குக்குள் மின்சாரப் பம்பு வைத்து நவீனமாக்கினேன். அன்றிலிருந்து நடுவழியில் அணைந்துவிடுகிறது. மெக்கானிக் ஷெட்டில் மட்டும் ஒருநாளும் அணைந்ததில்லை.

வாங்க வந்தவர் திசையன்விளைக்காரர். அவரே ஓட்டிப் பார்த்தார். சமதளத்தில் நன்றாகத்தான் போனது. ரயில்வே ஜங்ஷன் மேம்பாலத்தில் ஏறும்போது இருமிவிட்டு நின்றது.

பின்னால் வந்த டவுண் பஸ் டிரைவர் தலையை நீட்டினார். "என்னவே, பாலத்தையும் சேத்து வெலைக்கு வாங்கிட்டீரா?"

திசையன்விளைக்காரர் அசரவில்லை. என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, டேங்குல பெட்ரோல் கொறச்சலா கெடக்கு. ஏத்தத்துல அம்புட்டும் பின்னால ஓடிரும். முன்னால இருக்க பம்பு காத்தத்தான் குடிக்கும்."

இத்தனை மெக்கானிக்குகள் காணாததைக் கண்டுவிட்டாரே! "எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சிய?"

"எங்கிட்டயும் இதே மாதிரி மாத்துன வண்டி ஒண்ணு நிக்கி."

"அத எப்படிச் சரி பண்ணுனிய?"

"டேங்க ரொப்பியே வச்சிருக்கேன். வெளிய எடுக்கதில்ல."

பாலத்துக்குக் கீழே ஒரு ரயில் எந்தச் சிரமமும் இல்லாமல் போனது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணாச்சி, எங்கிட்ட நிக்கிற வண்டிய ஒருநாள் வந்து பாக்கியளா?" என்றார்.

ஆகவே நண்பர்களே, இரண்டு கார்கள் விற்பனைக்கு உள்ளன. மேடே இல்லாத ஊர் ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள். அங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா என்பதையும் விசாரித்துச் சொன்னால் நல்லது.