அசையாத நீர்மட்டம்

கடலோர ஏரியான களப்பின் நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. அன்று காலை சேர்வர் மந்தமாக இருந்ததால், பின்னணியில் ஓடிய தேவையற்ற சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஒன்றுக்கு மட்டும் அது எதற்கு என்ற விளக்கமே இல்லை. யாரிடமும் கேட்காமல் அதையும் நிறுத்திவிட்டேன்.

வெளியே மழை கொட்டியது. முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவதா என்று பொறியியலாளர் முடிவெடுக்க வேண்டும். பிந்தினால் ஆரையம்பதிப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்துவிடும். திரையில் நீர்மட்டம் அசையவேயில்லை.

"இன்னும் கொஞ்சம் பொறுப்பம்," என்றார் அவர்.

எழுதுவினைஞர் பரீதா யன்னலைப் பார்த்தார். "இந்த மழைக்கு ஒரு அங்குலமும் ஏறல்லையா, சேர்?"

நேரில் பார்க்கக் குடையோடு பாலத்தடிக்குப் போன பரீதா, பத்து நிமிடத்தில் தொலைபேசியில் கத்தினார். "அளவுக்கம்பில சிவப்புக்கோட்டையும் தாண்டிட்டு, சேர்!"

காலையில் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. விளக்கமில்லாத அந்தச் சேவையை மீண்டும் இயக்கினேன். திரையில் எண் ஒரேயடியாகத் தாவியது.

மணல்மேட்டை வெட்டச் சொல்லிவிட்டுப் பொறியியலாளர் என்னைப் பார்த்தார். "மழைக்குக் கருவி பழுதாகியிருக்கும், என்ன?"

"ஓம் சேர்," என்றேன்.

வீடுகள் தப்பின. நனைந்த சேலையோடு திரும்பிய பரீதா, என் மேசையருகே நின்று மெதுவாகக் கேட்டார்: "தம்பி, காலையில சேர்வரில எதையோ நிப்பாட்டின நீங்களா?"

இப்போதெல்லாம் எதை நிறுத்துவதற்கு முன்பும் எல்லோரிடமும் கேட்கிறேன். அவர் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.