சொத்தை இல்லாத பல்

என் பல்லில் சொத்தை இல்லையே என்று நான் அழுத நாள் ஒன்று உண்டு. அப்போது எனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ இருக்கும். திருச்சியில் மலைக்கோட்டைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளிக்கூட வாசலில்தான் என் அத்தா ஜவ்வு மிட்டாய் விற்றார். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

மூங்கில் கழியில் ரோஸ் நிறப் பாகைச் சுற்றி வைத்திருப்பார். பிள்ளைகள் கையை நீட்டினால் ஒரு துண்டு இழுத்து, மணிக்கட்டில் வாட்ச்சாகக் கட்டிவிடுவார். மயில் கேட்டால் மயில், தேள் கேட்டால் தேள். எனக்கு மட்டும் எதுவும் கிடையாது. கேட்டால் அத்தா, அம்மா இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "அது விக்கிறதுக்கு." கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு, கரித்தூளால் பல்லைத் தேய்த்துவிட்டு, மற்ற பிள்ளைகள் வாட்ச்சை நக்கித் தின்பதைப் பார்த்துக்கொண்டே நான் வளர்ந்தேன்.

ஒருநாள் பல்லைப் பார்க்க லேடி டாக்டர் ஒருவர் வந்தார். குச்சி முனையில் சின்னக் கண்ணாடி வைத்திருந்தார். ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்து காட்ட, "சொத்தை, சொத்தை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொத்தை இருந்தவர்களை எல்லாம் மறுநாள் குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள் என்று டீச்சர் அறிவித்தார். வகுப்பே கும்மாளம் போட்டது. ஜவுளிக்கடைக்காரர் மகள் ராஜேஸ்வரி என் பக்கத்தில் இருப்பவள். அவளுக்குத்தான் எல்லாரையும்விட அதிகச் சொத்தை. ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

என் முறை வந்தது. டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ஒண்ணுகூட இல்லையே. நீ மிட்டாயே திங்க மாட்டியா?"

"அது விக்கிறதுக்குங்க."

அவருக்குப் புரியவில்லை. டீச்சர்தான் ஜன்னல் வழியாக வாசலைக் காட்டி, "இவ அப்பாதாங்க அங்க மிட்டாய் விக்கிறவர்" என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப எனக்கு இத்தனை பேரை அனுப்பி வைக்கிறது உங்க அப்பாதானா" என்று என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. இன்னொரு தடவை நன்றாகப் பாருங்கள், உள்ளே எங்கேயாவது இருக்கும் என்று கெஞ்சினேன். இல்லை என்றதும் அழுதேன்.

மறுநாள் வண்டி அவர்களை ஏற்றிக்கொண்டு மணி குலுங்கப் போயிற்று. நானும் இன்னும் சில ஏழை வீட்டுப் பிள்ளைகளும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அன்று இரவு சாப்பிடும்போது எல்லாவற்றையும் அத்தாவிடம் சொன்னேன். டாக்டர் அவரைப் பற்றிப் பேசியதைப் பெருமையோடு சொன்னேன். அத்தா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"யாருக்குப் பல்லைப் புடுங்குனாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ராஜேஸ்வரிக்கு ரெண்டு பல்லு."

"மயில் கேக்குமே, அந்தப் புள்ளையா?"

"ஆமா. புடுங்குறப்ப ரொம்ப அழுதாளாம்."

அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த நாள் காலையில் ராஜேஸ்வரி கன்னம் வீங்கி, வாயெல்லாம் கிராம்புத் தைல வாசனையோடு வந்தாள். வந்தவள் நேராக அத்தாவிடம் போய்க் கையை நீட்டினாள். மயிலைக்கூட மறந்துவிட்டாள், வாட்ச் போதும் என்றாள். அத்தா குனிந்து அவள் கன்னத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு வாட்ச் ஓடாதும்மா. போயி படி."

"பரவாயில்ல, ஓடாததே கட்டுங்க" என்றாள் அவள்.

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். ஆனால் கட்டிவிடவில்லை. மணி அடித்து நாங்கள் உள்ளே போனபோது, அவர் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவர் பள்ளிக்கூட வாசலுக்கு வரவே இல்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வேகவைத்த கடலை விற்கப் போனார். வீட்டில் எங்களுக்குக் கொண்டாட்டம்தான். மிட்டாய் போல் கடலையை நாளைக்கென்று வைக்க முடியாது, மிஞ்சியதெல்லாம் எங்களுக்கு. ஆனால் வகுப்பில் என் மதிப்பு சரிந்துவிட்டது. மிட்டாய்க்காரர் எங்கே என்று எல்லாரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். "டாக்டரும் வரவேணாம்னு சொல்லலை, டீச்சரும் சொல்லலை. கடலையையாவது அங்க கொண்டுவந்து விக்கலாம்ல?"

"அங்க போனா அதுங்க வாட்ச் கேட்டுக் கையை நீட்டும். அத்தாவால எத்தனை நாளைக்கு இல்லைன்னு சொல்ல முடியும்?" அம்மா கடலையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "எல்லாப் புள்ளைங்க பேரும் அவருக்குத் தெரியுமேடி."

அது எப்படி ஒரு காரணமாகும் என்று நான் வெகுநேரம் யோசித்தேன். பேர் தெரிந்திருந்தால் கூப்பிட்டு விற்க இன்னும் வசதிதானே என்றுதான் எனக்குத் தோன்றியது.