மண்டி மொஹல்லாவில் நான் கண்டுபிடிச்ச நட்சத்திரம்

சுடச்சுட வர்ற ஜெராக்ஸ் பேப்பர் வாசனை... இன்னிக்கும் அது மூக்குல ஏறினா எனக்கு மண்டி மொஹல்லா கடைதான் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளோட கடைசி. மைசூர்ல எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். என் ப்ராஜெக்ட் பழுப்புக் குள்ளன். நட்சத்திரமா எரியவும் முடியாம, கோள்னு சொல்லவும் முடியாம, மங்கலா கிடக்கிற ஒரு ரகம். வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அப்பா, "எம் பொண்ணு குள்ளன் தேடறா"ம்பார். பாதிப் பேர் மாப்பிள்ளைன்னே நினைச்சுட்டாங்க.

வேலை சிம்பிள்தான். வானத்துல ஒரே இடத்தைப் பல வருஷம் விட்டு எடுத்த ரெண்டு போட்டோ. வெள்ளைப் பேப்பர்ல நட்சத்திரமெல்லாம் கறுப்புப் புள்ளி. தூரத்துல இருக்கிறது அப்படியே இருக்கும், நமக்குப் பக்கத்துல இருக்கிறது கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒரிஜினலை பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு உடனே திருப்பி அனுப்பணும். அதனால பக்கத்துப் பேட்டையான மண்டி மொஹல்லால, பழனி அண்ணன் கடையில ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டேன்.

ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா ஜன்னல்ல வச்சுப் பார்த்தா...

எல்லாப் புள்ளியும் பொருந்துது. ஒண்ணே ஒண்ணு மட்டும் நூலளவு தள்ளி!

சிவப்புப் பேனாவால அதைச் சுத்தி வட்டம் போட்டேன். என் கைடு மேடம் பார்த்தாங்க. உடனே பெங்களூருக்கு லெட்டர் எழுத உட்கார்ந்துட்டாங்க. என்னை அந்தப் படத்தை ரிப்போர்ட்டுக்கு மூணு காப்பி எடுத்துட்டு வரச் சொன்னாங்க.

கடையில சிவப்பு வட்டத்தைப் பெருமையா காட்டினேன். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்துக்காரர் பழனி அண்ணன். உத்துப் பார்த்தார். யாரோ விட்டுட்டுப் போன ரேஷன் கார்டு ஜெராக்ஸை எடுத்து வச்சார். அப்புறம் ஒரு ஜாதகம். ரெண்டுலயும் அதே புள்ளி.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி... நம்ம மெஷின் கண்ணாடில ஒரு கறை இருக்குதுங்க. எவ்ளோ தொடைச்சாலும் போகல. பேப்பரை முன்னப்பின்ன வச்சா அது தள்ளித்தான் விழுமுங்க. உங்க நட்சத்திரம் ஊர்ல எல்லார் ரேஷன் கார்டுலயும் இருக்குது."

ஓடினேன். மேடம் ஸ்டாம்ப் ஒட்டிக்கிட்டிருந்தாங்க. கேட்டதும் லெட்டரை நாலா கிழிச்சுட்டு, விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் அழுதுட்டேன். "ஒண்ணும் கிடைக்கவில்லை"ன்னு ரிப்போர்ட்டை மாத்தி எழுதினேன். பாஸும் ஆனேன்.

என் மெஷின் சரியில்லைன்னு எந்தக் கடைக்காரர் தன் வாயால சொல்வார்? அவர் பேசாம மூணு காப்பி எடுத்துக் கொடுத்திருந்தா என் மானமும் மேடம் மானமும் கப்பல் ஏறியிருக்கும்.

இப்பல்லாம் அந்தப் படங்கள் போன்லயே வருது, மாத்தி மாத்திக் காட்டுது. என் ஸ்டூடண்ட்ஸ் "மிஸ், நகருது!"ன்னு கத்துவாங்க. முதல்ல ஸ்க்ரீனைத் துடைங்கடாம்பேன்.

போன வாரம் பழைய ஃபைல்ல என் டிகிரி சர்டிஃபிகேட்டோட ஜெராக்ஸ் கிடைச்சுது, அண்ணன் கடையில எடுத்தது. ஓரத்துல அதே புள்ளி. இத்தனை வருஷமா என் கூடவே இருந்திருக்கு... இவ்வளவு பக்கத்துல வேற எந்த நட்சத்திரமும் எனக்குக் கிடைக்கலை, அண்ணா.